வெள்ளை பூச வேண்டாம்

ஓக்லாந்து,
அக்டோபர் 6

தம்பி ஓடெல்,

நீ கதவைத் தட்டியபோது நான் உள்ளேதான் இருந்தேன். எழுந்து வர மனமில்லை. அதிகம் படிக்காதவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

என் பிள்ளை கீயோன் அடிபட்ட தெருமுனையில் அவன் சைக்கிளுக்கு வெள்ளை பூசி நினைவாக நிறுத்தப் போகிறீர்களாமே, சைக்கிளில் போய்ச் சாலையில் செத்தவர்களுக்கெல்லாம் செய்வதுபோல. வேண்டாம். என் சமையலறையில் உட்கார்ந்துதான் அவன் அதன் சக்கரத்தில் கம்பிக்குக் கம்பி ஜிகினாவும் மிட்டாய்த் தாளும் ஒட்டினான். "அம்மா, இதப் பாத்தா வெயிலுக்கே கண்ணு கூசும்" என்பான். என் பிள்ளையின் நிறத்தை அழிக்காதே.

ஒன்று மட்டும் சொல். நீங்கள் கூட்டமாகச் சைக்கிளில் ஊர்வலம் போகும்போது, எல்லாச் சைக்கிளும் முனையைக் கடக்கும்வரை குறுக்கே நின்று கார்களை மறிக்க எப்போதும் இரண்டு பேர் என்பாயே. என் பிள்ளை ஏன் தனியாக நின்றான்?

லவோண்டா


அக்டோபர் 8

லவோண்டா அம்மாவுக்கு,

கூட நிற்க வேண்டியவன் நான்தான். முந்தின தெருவிலேயே போலீஸ் என்னை மறித்துவிட்டது. "லைட் எங்கடா? யாரு சைக்கிள் இது?" என்று சுவரோரம் உட்கார வைத்தார்கள். பட்டப்பகல் அம்மா. கீயோன் திரும்பிப் பார்த்து, "கெழவா, நீ பேசிட்டு மெதுவா வா, நான் பாத்துக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே போனான். பிறகு மோதிய சத்தம்தான் கேட்டது. பிரேக் சத்தம்கூட இல்லை.

வெள்ளை பூச மாட்டோம். ஞாயிறன்று அந்த முனை வழியாகத்தான் எல்லோரும் போகிறோம். வருவீர்களா?

ஓடெல்


அக்டோபர் 11

தம்பி ஓடெல்,

உன்மேல் நான் வைத்திருந்த கோபத்தை இப்போது எங்கே வைப்பதென்று தெரியவில்லை. லைட் இல்லாத சைக்கிளை நிறுத்த ஆள் இருந்தது. அந்தக் காரை நிறுத்த என் பிள்ளை ஒருத்தன்தான் நின்றான்.

ஞாயிறன்று வருகிறேன். நிற்க இரண்டு பேர் வேண்டுமே. ஒரு பக்கம் நான் நிற்கிறேன், மறுபக்கம் நீ நில். கடைசிச் சைக்கிளும் கடந்த பிறகு நீ உன் வழியே போ. வீட்டுக்கு மட்டும் இனி வராதே. நீ வாசலில் கூப்பிட்டால், உன் பின்னாலேயே அவனும் வருவான் என்று காது காத்திருக்கிறது.

லைட் மாட்டிக்கொண்டு வா.

கீயோனின் அம்மா