யமன் பாய் விரித்த கிணறு

1993 ஜனவரி 8

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: இன்று என் குரலைக் கேட்டு எனக்கே கண் கலங்கிவிட்டது.

வெள்ளம் வடிந்தபின் வவுணதீவுப் பக்கம் வயிற்றோட்டம். கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி ஒலிபெருக்கியில் சொல்ல, சுகாதாரப் பரிசோதகர் நல்லரத்தினம் ஆள் தேடினார். கூத்தில் கோமாளி வேஷம் கட்டுகிற என்னை விட்டால் யார்? அவர் எழுதித் தந்தது சப்பென்றிருந்தது. நானாகச் சேர்த்தேன்: "கிணத்துக்குள்ள யமன் பாய் விரிச்சுப் படுத்திருக்கான்!"

சனம் சிரிக்கவில்லை. பயந்துவிட்டது என்று பூரித்தேன்.

ஜனவரி 10

சுகாதாரப் பகுதியார் கிணற்றில் கிருமி கொல்லும் வெள்ளைத் தூள் போட்டார்கள். தண்ணீர் மணத்தது. பக்கத்து வீட்டு இராசாத்தி வெறுங்குடத்தோடு திரும்பினாள்.

"நஞ்சு போட்டிருக்கானுகள் அண்ணன். நீங்கதானே சொன்னீங்க."

"காய்ச்சிக் குடி எண்டெல்லோ சொன்னன்!"

"நஞ்சக் காய்ச்சினா பாயாசமாகுமா?"

ஊரே வயல்வட்டை வாய்க்காலில் அள்ளுகிறது. ஓடுகிற தண்ணீர் சுத்தமாம். வெள்ளத்தில் செத்த மாடுகள் அதன் மேல்பக்கம் கிடக்கின்றன.

ஜனவரி 11

கிணற்றுக் கட்டில் ஏறி, எல்லோரும் பார்க்க, அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தேன். கைதட்டினார்கள்.

"இனிச் செத்து விழுந்து காட்டு மனே!" என்றார் கிழவர் இளையதம்பி.

ஜனவரி 12

அக்கா ஆச்சிப்பிள்ளைக்கும் வயிற்றோட்டம் வந்துவிட்டது.

ஜனவரி 13

காய்ச்சிய தண்ணீரில் உப்பும் சீனியும் கலந்து கொடுத்தால் பல்லைக் கடிக்கிறாள்.

"கிணத்துத் தண்ணியா தம்பி?"

வாய்க்கால் தண்ணீர் என்று பொய் சொன்னேன். "கூத்தாடாத," என்று முகத்தைத் திருப்பினாள். ஊரைப் பயங்காட்டத் தெரிஞ்ச வாய்க்கு, ஒரு மனிசியக் குடிக்க வைக்கத் தெரியல்லியே! என்ன பிறவி நான்?

ஜனவரி 14

பொங்கல். இன்றாவது வாய்க்கால் தண்ணீர் கொதித்தது.

ஜனவரி 15

அக்காவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு துறையில் நின்றோம். வாவிக்கு அங்கால் ஆஸ்பத்திரி. ஆமி தேடுதலாம், தோணி விடமாட்டார்களாம். கெஞ்சினேன், கும்பிட்டேன், மண்ணில் உருண்டேன். கோமாளி உருள்கிறான் என்று நினைத்தானோ காவலுக்கு நின்ற ஆமிக்காரன் — சிரித்தான்.

ஐயோ அக்கா, வாயத் திறங்க. ஒரு மிடறு — ஒரே ஒரு மிடறு —

ஜனவரி 22

அக்காவின் எட்டாம் நாள் சடங்கு. நல்ல சனக்கூட்டம். சமையலுக்குக் கிணற்றில்தான் அள்ளினார்கள். தூள் மணம் போனது, பயமும் போய்விட்டது.

நல்லரத்தினம் வந்து, சாப்பிடாமல் முற்றத்தில் நின்றார். தூள் போடுமுன் சோதனைக்கு எடுத்துப்போன தண்ணீரின் முடிவு வந்திருக்கிறதாம். எங்கள் கிணற்றில் கிருமி இருக்கவேயில்லை.