துளசியின் லேஞ்சி

விபூதிப் புதன், இரவு.

காலைப் பூசையில் பாதர் நெற்றியில் பூசிய சாம்பலோடு பள்ளிக்கூட வாசலில் கடமைக்கு நின்றேன். செட்டிகுளம் பஸ்ஸில் வந்திறங்கிய ஏழாம் வகுப்புத் துளசி தன் லேஞ்சியை நீட்டினாள்.

"அக்கா, நெத்தியைத் துடையுங்கோ. சிஸ்டர் கண்டால் ஏசுவா."

போன தவணை அவளுடைய திருநீற்றை அழிக்கச் சொன்னவள் நான்தான். அப்படியொரு சட்டமே இங்கே இல்லை. மாணவத் தலைவியான புதிதில் நானாகச் சொன்னது.

"இண்டைக்குத் துடைக்கத் தேவையில்லை" என்றேன்.

"அப்ப நான்?"

மணி அடித்தது. அவளை வகுப்புக்கு அனுப்பிவிட்டேன். லேஞ்சி என்னிடமே தங்கிவிட்டது. கழுவலாமென்று இப்போது விரித்தேன். மடிப்பெல்லாம் திருநீறு. நாள்தோறும் வீட்டில் பூசி, வாசலில் துடைத்திருக்கிறாள்.

இன்னும் கழுவவில்லை.