அரைச் சுற்றுத் தளர்ந்த போல்ட்

ஜனவரி 9, செவ்வாய்
பாதி வழியில் திரும்பிவிட்டோம். பழைய டீசல் பிக்கப் வண்டியின் முன்விளக்கும் பின்விளக்கும் சேர்ந்து கண்சிமிட்டுகின்றன. என் கணவர் வாலஸின் டயாலிசிஸுக்கு வாரம் மூன்று தடவை எழுபது மைல். விடியாத இருட்டு, பனி, குறுக்கே பாயும் மான்கள். "வீட்டுக்கே போயிடலாம், லோர்னா" என்றார். நாளைக்குப் பகலில் இடம் கேட்டு ஆஸ்பத்திரியில் யார் யாரிடமோ கெஞ்சினேன்.

ஜனவரி 10
பகலில் போய் வந்தோம். பல்புகளையும் ஸ்விட்சையும் மாற்றினேன். முப்பது வருடம் இந்த வண்டியைத் தானே பிரித்துப் பூட்டிய மனிதர், ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். ஒரு யோசனைகூடச் சொல்லவில்லை.

ஜனவரி 13, சனி
மறுபடியும் சிமிட்டல். எனக்கு எழுபத்தொரு வயது. என்னால முடியல.

ஜனவரி 14
பக்கத்துப் பண்ணை மார்வின் வந்து பார்த்தார். விளக்குகளின் எர்த் ஒயரைப் பிடித்திருக்கும் போல்ட் லூஸாம். துருவைச் சுரண்டி இறுக்கினார். "இனிமே தானாக் கழலாது. துரு பிடிச்சா இன்னும் இறுகத்தான் செய்யும்."

ஜனவரி 16, செவ்வாய்
விளக்குகள் பிசகாமல் எரிந்தன. வாலஸ் வழியெல்லாம் கண்ணை மூடியே கிடந்தார்.

ஜனவரி 18, வியாழன்
கிளம்பும்போதே சிமிட்டல். போல்ட் அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது. அதன் தலையில் ஸ்பானர் உரசிய புதுக்கீறல்.

என்னைத் தவிர வண்டி நிற்கும் ஷெட்டுக்குப் போவது ஒருவர்தான். டகோட்டா குளிரில் டீசல் எஞ்சின் சும்மா கிளம்பாது. தினமும் சாயங்காலம் அதன் ஹீட்டர் ஒயரைச் செருகி வருவது இன்னும் அவர் வேலை. அதையும் பிடுங்க வேண்டாமென்று நான்தான் விட்டுவைத்தேன்.

இந்தப் பனியில ஒரு கிழவிய இப்படி அலையவிட்டுட்டு — எதுக்கு? அதையே வாலஸிடம் கேட்டேன்.

"முழுசாக் கழட்டினா நீ இருட்டுல மாட்டிக்குவ. அதான் அரைச் சுத்து" என்றார். பிறகு, "அந்த மெஷின் போதும், லோர்னா. நீ படுற பாட்டைப் பாத்துட்டு, போதும்னு சொல்ல வாய் வரல."

இரண்டு பேரும் அழுதோம். இன்று போகவில்லை.

ஜனவரி 19
போல்ட்டை இறுக்கிவிட்டு டாக்டரிடம் போனோம். டயாலிசிஸை நிறுத்தினால் எத்தனை நாள் என்று வாலஸே கேட்டார். ஒரு வாரம், பத்து நாள் என்றார் டாக்டர். வாலஸ் தலையாட்டிக்கொண்டார். நான் வாதாட வாயெடுத்தேன். யாருக்காக வாதாடுகிறேன் என்று தோன்றியது. நிறுத்திக்கொண்டேன்.

ஜனவரி 20, சனி
டயாலிசிஸ் நாள்தான், கிளம்பவில்லை. ஒன்பது மணிவரை தூங்கினோம். இரண்டு வருடமாக அவர் கிட்னிக்கு ஆகாதென்று விலக்கிவைத்த உருளைக்கிழங்கை வெண்ணெயில் வறுத்து, உப்புத் தூவிக் கொடுத்தேன். இன்னொரு தட்டு கேட்டார்.