வெளியே போன எண்கள்

மார்ச் 4, திங்கள்

புது வடிகட்டி வந்து இன்று ஐந்தாம் நாள். காலைக்குள் நூற்றுப் பதினெட்டுச் செய்திகளைப் பிடித்து வைத்துவிட்டது. வார்ப்புப் பிரிவில் ஒருத்தி மாமியாருக்கு "ஞாயிற்றுக்கிழமை கப்பல் பார்க்கப் போகலாம்" என்று எழுதியிருக்கிறாள். நாங்கள் கப்பலுக்கு பேரிங் செய்கிறவர்கள்; 'கப்பல்' என்ற அந்தச் சொல்லுக்காக அவள் மாமியார் இப்போது சந்தேகப் பட்டியலில். ஒவ்வொன்றாகப் படித்து விடுவித்தேன். ஐம்பத்தொரு வயதில் ஊரார் குடும்பக் கதையை எல்லாம் படிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன்.

போன வருடம் பக்கத்துத் தொழிற்சாலையில் வரைபடம் திருடு போன பிறகு இங்கேயும் கெடுபிடி. சொந்த போன் எல்லாம் வாசலில் பூட்டுப் பெட்டிக்குள். வீட்டாரோடு பேச வேண்டுமென்றால் கம்பெனி அரட்டைச் செயலியில்தான், பாதுகாப்புப் பிரிவில் இருக்கும் எங்கள் கண் வழியாகத்தான். எல்லோரும் கையெழுத்துப் போட்டுச் சம்மதித்ததுதான். ஆனாலும் எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது.

மார்ச் 6, புதன்

இன்று ஒன்று மாட்டியது. சிவப்பு எழுத்தில்.

வரைபட அறையின் பியோ தேகூன் அண்ணன். என்னைவிட ஒரு வருடம் முன்னால் சேர்ந்தவர். மூன்று மாதமாக ஒரே வெளி எண்ணுக்கு வெறும் இலக்கங்களாக அனுப்பிக்கொண்டிருக்கிறார். 1004. 8282. 486. அங்கிருந்தும் இலக்கங்களே வருகின்றன. ஒரு சொல் கிடையாது.

எங்கள் டீம் லீடர் கில் ஜேயுன் (முப்பத்து மூன்று வயது, சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது) நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான்.

"மேடம், புது பேரிங்கோட உள் விட்டம் என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதே."

"486 மில்லிமீட்டர்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன். அவன் பிறந்த காலத்தில் நாங்கள் இடுப்பில் பேஜர் மாட்டிக்கொண்டு அலைந்தோம். அதில் எழுத்து வராது, எண்தான் வரும். எட்டு, இரண்டு என்று எங்கள் கொரிய மொழியில் வேகமாகச் சொன்னால் 'சீக்கிரம்' என்று காதில் விழும். ஆயிரத்து நாலு என்றால் 'தேவதை'. 486 என்றால் காதல்: அந்தச் சொல்லின் மூன்று எழுத்துகளுக்கு எத்தனை கோடு என்று எவனோ எண்ணிச் சொன்ன கணக்கு. எனக்கும் ஒருத்தன் தினம் அனுப்பினான். இப்போது அவன் பூசானில் விலாங்கு மீன் கடை வைத்து, வழுக்கை விழுந்து கிடக்கிறான். போகட்டும்.

ஜேயுனிடம் சொன்னேன். "பேஜர் மொழியா? 2024-லயா?" என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. எனக்கே அது விசித்திரமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு எழுத்தில் அனுப்பலாமே, ஏன் எண்? அந்த வெளி எண் வேறு பெண்ணுடையதோ? பியோ அண்ணனா? சே.

மார்ச் 7, வியாழன்

ஜேயுன் மேலே எழுதிவிட்டான். அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணைக் குழு. அதுவரை அண்ணனின் வெளித் தொடர்பு நிறுத்தம், விதிப்படி. குற்றம் என்று முடிவானால் வேலை போகும், போலீசுக்கும் போகும்.

அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டோம். "அது என் சொந்த விஷயம்," என்றார். அவ்வளவுதான். எண்களுக்கு அர்த்தம் கேட்டான் ஜேயுன். "சொந்த விஷயம்," என்றார் மறுபடி. அந்த எண் யாருடையது? "என் வீட்டம்மாவோடது." அப்படியானால் விளக்குவதற்கு என்ன? தலையைக் குனிந்துகொண்டார். காது மட்டும் சிவந்து போயிருந்தது.

மார்ச் 11, திங்கள்

அவருக்கு வருவதையும் வடிகட்டி நிறுத்தி வைக்கிறது. வருகிறவை என் திரையில்தான் விழுகின்றன.

12:40 — 8282
12:52 — 8282
1:15 — 8282
1:16 — 1004
1:16 — 8282

அந்தப் பக்கம் ஒரு மனுஷி உட்கார்ந்து விரலால் தட்டிக்கொண்டே இருக்கிறாள். பதில் இல்லை. ஏன் கூப்பிட மாட்டேன் என்கிறாள்? வாசல் காவலர் அறைக்குக் கூப்பிட்டால் ஆளை வரவழைத்துப் பேசச் சொல்வார்களே. ஒரு சொல் எழுதக் கூடாதா, "எங்கே இருக்கீங்க" என்று?

எழுதக் கூடாதா — முடியாதா?

நாளைக்கு அண்ணனிடமே கேட்டுவிட வேண்டும்.

மார்ச் 12, செவ்வாய்

கேட்டுவிட்டேன். வரைபடக் கட்டடத்துக்குப் பின்னால், காபி இயந்திரத்தின் பக்கத்தில்.

"அண்ணே, அண்ணிக்கு உடம்புக்கு என்ன?"

கோப்பையைப் பார்த்தபடியே நின்றார். "யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலை. நேத்து ஒரே நாள்ல பதினேழு தடவை 8282 வந்துச்சு. நான் உட்கார்ந்து எண்ணிக்கிட்டிருந்தேன். அது என் வேலை, தலையெழுத்து."

அப்புறம் சொன்னார். அக்டோபரில் பக்கவாதம். கால் திரும்பிவிட்டது, கை பாதி திரும்பிவிட்டது, பேச்சு திரும்பவில்லை. எழுத்தும் போய்விட்டது. பார்த்தால் ஏதோ கிறுக்கி வைத்த மாதிரி இருக்கிறதாம். இலக்கம் மட்டும் எப்படியோ மிஞ்சியிருக்கிறது. ஒருநாள் ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்து, அவருடைய போனில் நாலு, எட்டு, ஆறு என்று அழுத்தினாளாம்.

ஹேரான் அண்ணி இருபத்தாறு வருடம் நடுநிலைப் பள்ளியில் மொழி ஆசிரியை. கல்யாணப் பத்திரிகையில் பிழை இருந்தால் திருத்தித் திருப்பி அனுப்புகிறவள். என் மகளின் கட்டுரையைக்கூட ஒருமுறை சிவப்பாக்கி அனுப்பினாள்.

"அவளுக்கு எழுத்து மறந்துபோச்சுன்னு ஒரு குழு முன்னாடி நின்னு நான் சொல்லணுமா? அவ என்னை மன்னிப்பாளா? நான் திருடன்னு பேர் வாங்கிட்டுப் போறேன்மா, பரவாயில்லை."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன பரவாயில்லை? நீங்க ரோஷமா ஜெயிலுக்குப் போயிருவீங்க. அவங்க அங்க யாருமில்லாம தட்டிக்கிட்டே இருக்காங்க. நீங்க அவங்களை விட்டுட்டுப் போயிட்டீங்கன்னுதானே நினைப்பாங்க?"

கத்திவிட்டேன் போலிருக்கிறது. உள்ளிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் கோப்பையைக் கையில் நசுக்கிக்கொண்டே போய்விட்டார். நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதோ?

மார்ச் 14, வியாழன்

காலையில் வந்து என் மேஜைமேல் ஒரு ஆரஞ்சுப் பழம் வைத்தார். "அவகிட்ட கேட்டேன். தலையாட்டிட்டா. நானே சொல்லிடறேன்," என்றார்.

எப்படிக் கேட்டார், எத்தனை நேரம் ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 15, வெள்ளி

குழுவில் ஐந்து பேர். நான் குறிப்பெடுக்கப் போயிருந்தேன். அண்ணன் எழுந்து நின்று சொன்னார். எண்களை ஒவ்வொன்றாக விளக்கினார். 486 வந்ததும் நின்றுவிட்டார்.

தணிக்கையாளர் பெண், சின்ன வயது, பேனாவைத் தூக்கிக்கொண்டு, "486-க்கு என்ன சார் அர்த்தம்?" என்றாள்.

உற்பத்தி இயக்குநர் ஜன்னலைப் பார்த்தார். ஐம்பத்தெட்டு வயது, ஊரே நடுங்கும் மனிதர். சட்ட ஆலோசகர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். ஐம்பது தாண்டிய அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

கடைசியில் இயக்குநர்தான் உறுமினார். "அது பேரிங் அளவு இல்லம்மா. வீட்டுல போய் உங்க அம்மாகிட்ட கேளு. எழுதிக்கோ: அளவு இல்லை."

அப்படியே எழுதிக்கொண்டாள். ஜேயுன் என் பக்கம் திரும்பவே இல்லை. பாவம்.

முடிவு: குற்றமில்லை. தொடர்பு திரும்பக் கொடுக்கப்படும். ஆனால் அந்த எண்ணுக்கு விலக்கு இலக்கங்களுக்கு மட்டுமே. எழுத்து ஏதும் வந்தால் நிறுத்தி, ஒரு நாள் வைத்திருந்து, ஆய்ந்த பிறகே விட வேண்டும். சட்ட ஆலோசகர் சேர்த்த வரி. அண்ணன் சிரித்தபடி கையெழுத்துப் போட்டார். "எழுத்து எங்க சார் வரப்போகுது," என்றார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

3:20-க்குத் தொடர்பைத் திறந்தேன். 3:21-க்கு அவர் அனுப்பினார். என்ன என்று நான் பார்க்கவில்லை. விலக்கு வந்துவிட்டதால் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. எத்தனை நிம்மதி.

ஏப்ரல் 1, திங்கள்

ஜேயுன் காபி வாங்கி வந்து வைத்தான். "மேடம், நான் செஞ்சது தப்பா?"

"விதிப்படி சரி."

"நான் அதைக் கேக்கல."

"தெரியாததைக் கேட்டிருக்கலாம். அவரை இல்லைன்னா என்னை. நான் அன்னிக்கே சொன்னேன், நீ நம்பலை."

கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "நான் என் மனைவிக்கு 486 அனுப்பினேன். ரூம் நம்பரான்னு கேட்டா," என்றான். பையன் தேறிவிடுவான்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஒன்றுமில்லை. மழை.

மே 21, செவ்வாய்

பிற்பகல் 2:50. சிவப்பு எழுத்து. 'விலக்கு பெற்ற எண்ணிலிருந்து இலக்கம் அல்லாத செய்தி.'

திறந்தேன். ஒரே ஓர் எழுத்து. எங்கள் மொழியில் சோறு என்பதை ஒரே எழுத்தில் எழுதிவிடலாம். அதுதான் இருந்தது, பிழையில்லாமல்.

உலகத்தில் இதை முதலில் பார்த்தவள் நான். பார்க்க வேண்டியவர் அடுத்த கட்டடத்தில் ஒன்றும் தெரியாமல் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. விதிப்படி நாளை 2:50 வரை இது என்னிடமே இருக்க வேண்டும்.

ஜேயுன் எழுந்து வந்து திரையைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, 'ஆய்வு முடிந்தது' என்பதை அவனே அழுத்தினான். "ஓடுங்க மேடம்," என்றான்.

ஓடினேன். அண்ணன் திரையின் முன்னால் சிலையாக உட்கார்ந்திருந்தார். செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது.

"நீதானே முதல்ல படிச்ச?"

"ஆமாண்ணே. மன்னிச்சுக்கோங்க."

"சரி, நீயே வாசி. எனக்குக் கண்ணு தெரியல."

"சோறு," என்று வாசித்தேன்.

"சாப்பிட்டியான்னு கேக்குறாளா, சாப்பிட வான்னு கூப்பிடுறாளா?"

"எனக்கென்னண்ணே தெரியும்? போய்க் கேளுங்க."

பக்கத்து மேஜைக்காரர் தலையைத் தூக்கினார். விஷயம் எதுவும் தெரியாத ஆள். "மணி மூணாகப் போகுது, இப்பப் போய்ச் சோறா?"

"ஆமாய்யா, இப்பத்தான்," என்றார் அண்ணன், மேல்சட்டையின் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு, அதற்குள் கதவருகே போய்விட்டிருந்தார்.