இடக்கையால் திறக்கிற சாமான்

பெப்ரவரி 3, திங்கள்

கடை திறந்து முதல் ஆள். ஒரு அம்மா இரண்டு தாழ்ப்பாளும் கொஞ்சம் ஆணியும் வாங்கினார். மிச்சக் காசை நீட்டினேன். வாங்கவில்லை. என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு என் அண்ணன் லாபிர் நானாவைப் பார்த்து, "மொத யாவாரமே எடது கையாலயா முதலாளி?" என்று கேட்டார்.

நானா ஓடி வந்து என் கையிலிருந்து காசைப் பிடுங்கித் தன் வலக்கையால் கொடுத்தார். "கொற நெனக்காதீங்க. தம்பிக்கு ஆக்சிடன்ட். அந்தக் கை வெளங்காது." அந்த அம்மா உடனே "ஐயோ, பாவம்" என்றார்.

பாவமாம்! போன வருஷம் அக்குறணை வளைவில் பைக் சறுக்கி விழுந்தேன். தோளில் நரம்பு அறுந்தது. வலக்கை இப்போது சட்டைக்குள் தொங்குகிற ஒரு சாமான். அது நான் கேட்டு வந்ததா? இடக்கையால் கொடுப்பது மரியாதை இல்லை என்று எனக்குத் தெரியாதா? நானும் உம்மாவிடம் அடி வாங்கிப் படித்தவன்தானே. வேறு எந்தக் கையால் கொடுக்க? காலாலா?

பெப்ரவரி 6

நானா என்னைக் கல்லா மேசையின் காசு லாச்சியிலிருந்து எழுப்பி மேல் மாடி ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார்.

"அரூஸ், நீ மேல நில்லுடா. ஒனக்கும் லேசு. கீழ பஹீம் பாத்துக்குவான்."

பஹீம் மதினியின் தம்பி. போன மாதம்தான் வந்தான். திருகாணிக்கும் மர ஆணிக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் வலக்கை இருக்கிறது. அது போதுமாம்.

வாப்பா மௌத்தாகும்போது கடையை இரண்டு பேருக்கும் என்றுதான் சொன்னார். இன்றைக்கு மாடிக்கு அனுப்புகிறவர்கள் நாளைக்கு வீட்டுக்கு அனுப்ப மாட்டார்களா? "நீ வீட்டுலயே ரெஸ்ட் எடு, காசு நான் அனுப்புறன்" என்று நானா சொல்லப் போகும் குரல்கூட எனக்கு இப்போதே கேட்கிறது. அன்பாகத்தான் சொல்வார். அதைத்தான் தாங்க ஏலாது.

பெப்ரவரி 10

மாடியில் என்ன வேலை? பெட்டி பிரிப்பது, கட்டு வெட்டுவது. கட்டரால் வெட்ட, ஒரு கை பெட்டியைப் பிடிக்க வேண்டும், ஒரு கை வெட்ட வேண்டும். நான் முழங்காலால் பெட்டியைப் பிடித்தேன். கட்டரின் பிளேட்டைத் தள்ளி நிறுத்துவதற்குள் பெட்டி உருண்டது. பிறகு படியில் நின்று "பஹீம்! பஹீம்!" என்று கத்த வேண்டும். அவன் வந்து ஒரு இழுப்பில் வெட்டிவிட்டு, "வேற ஏதும் ஈக்கா நானா?" என்று பணிவாகக் கேட்பான். பணிவு! ஒரு நாள் படியிலிருந்து தள்ளிவிடப் போகிறேன்.

எனக்கு ஒரு சாமான் வேண்டும். பொக்கட்டில் கிடக்க வேண்டும். கத்தி, பிளையர், கத்தரி, ஸ்க்ரூ ட்ரைவர் எல்லாம் அதிலேயே. யாரையும் கூப்பிடாமல் நானே திறக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

பெப்ரவரி 11

கடை ஷோகேஸில் தொங்குகிற மல்டிடூல் எல்லாவற்றையும் மாடிக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எவன் செய்தான் இவற்றை? எல்லாம் இரண்டு கை உள்ளவனுக்கு. கத்தி உள்ளே புதைந்து கிடக்கிறது, நகத்தால் கிண்டி எடுக்க வேண்டும். எடுக்க ஒரு கை, பிடிக்க ஒரு கை. நகம் உடைந்தது. பல்லால் இழுத்தேன். முன்பல்லில் ஒரு துண்டு போனது.

நானா பார்த்துவிட்டார். "விக்கிற சாமான ஏன்டா எச்சில் பண்ற? ஒனக்கு என்னத்துக்கு இது? வெட்ட ஆள் ஈக்குதானே."

வெட்ட ஆள் இருக்கிறதாம்! இரவு சோறு தின்னவில்லை. மனைவி ரிப்கா பல்லைப் பார்த்துவிட்டு, "கை போனது காணாதா? பல்லையும் ஒடச்சிட்டு வந்து நில்லுங்க" என்றாள். கத்தினேன். அவளும் கத்தினாள். அவள் ஒருத்திதான் என்னைப் பாவம் பார்க்காமல் திருப்பிக் கத்துகிறாள்.

பெப்ரவரி 16, ஞாயிறு

கட்டுகஸ்தோட்டையில் சைக்கிள் சாமான் விற்கிற கடை ஒன்றின் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. பழசு. ஓரத்தில் கீறல். ஆனால் கத்தி வெளிப் பக்கம். அதில் இடக்கைக் கட்டை விரல் எட்டுகிற பக்கம் ஒரு ஓட்டை. பிளையர் தானாக விரிய உள்ளே ஒரு ஸ்ப்ரிங். கடைக்காரர் என் தொங்கும் கையைப் பார்த்தவுடன், "குடுங்க, நான் தொறந்து காட்டுறன்" என்று கையை நீட்டினார்.

"நானே தொறக்கிறன்."

கொஞ்சம் உரத்துத்தான் சொல்லிவிட்டேன். கடையில் எல்லாரும் திரும்பினார்கள். முதல் தரம் வழுக்கியது. இரண்டாம் தரமும். மூன்றாம் தரம் கட்டை விரல் ஓட்டையில் பிடித்தது — டக். கத்தி நிமிர்ந்து நின்றது. யாரும் உதவவில்லை. நான், என் இடக்கை.

அழுகை வந்தது. அதற்கும் கோபம் வந்தது.

பெப்ரவரி 17

திறக்கிறது. மூட ஏலாது! பூட்டுத் தகட்டை மட்டும் வலக்கைக் கட்டை விரல் தள்ளுகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். இடக்கைக்காரன் சுட்டு விரல் நுனியால் தள்ள வேண்டும், தள்ளும்போதே கத்தியின் முதுகைத் தொடையில் அழுத்தி மடிக்க வேண்டும். விரல் வெட்டுப்பட்டது. களிசானின் தொடையில் ஓட்டை. ரிப்கா: "நல்ல களிசான் அது. பழசப் போட்டுட்டு வெட்டிக்கங்களேன்."

பெப்ரவரி 21

சாமானைப் பொக்கட்டில் மாட்டுகிற கிளிப் வலப் பக்கத்துக்கு என்று பூட்டியிருந்தது. அந்தச் சாமானின் ஸ்க்ரூ ட்ரைவரால் அதே சாமானின் கிளிப்பைக் கழற்ற முடியாது. நானாவின் மேசை லாச்சியிலிருந்து சின்ன ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்து, மறு பக்கம் மாற்றிப் பூட்டினேன். கேட்கவில்லை. கடையில் பாதி என்னுடையது.

பெப்ரவரி 26

இன்று முழுக்கப் பஹீமைக் கூப்பிடவில்லை. பெட்டி பிரித்தேன். பிளாஸ்டிக் பட்டியைக் கத்தரியால் வெட்டினேன். கம்பிக் கட்டைப் பிளையரால் முறுக்கி அவிழ்த்தேன். மூடுவதும் பழகிவிட்டது. வீட்டில் பால் பக்கட்டையும் நானே வெட்டினேன். ரிப்கா பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றாள். நல்ல பொம்புள.

நானாவிடம் சொன்னேன், நான் கீழே வருகிறேன் என்று. "மாடியில் ஒழுங்காத்தானே போகுது. ஏன் இப்ப?" என்றார்.

மார்ச் 5

நோன்பு. பள்ளிவாசலில் நோன்பு திறக்கும்போது இடக்கையால் கஞ்சிக் கோப்பையைத் தூக்கினேன். பக்கத்தில் இருந்த வெளியூர் மனிதர், "வலக்கையால குடிங்க தம்பி" என்று புத்தி சொன்னார். தொழுகை நடத்துகிற ஹஸரத் தூரத்திலிருந்து, "அவருக்குத் தடை இல்ல, கை ஏலாது" என்று சத்தமாகச் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதற்குப் பிறகு பள்ளி முழுக்க என் கையைப் பார்த்தது. கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

மார்ச் 12

நோன்போடு கோபப்படக் கூடாது. கோபப்படக் கூடாது. கோபப்படக் கூடாது.

மார்ச் 18, செவ்வாய்

கோபப்பட்டுவிட்டேன்.

நானா சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போனார். காலையில் பஹீமுக்குக் காய்ச்சல், வரவில்லை. நானாவுக்குப் போன் கோல் எடுத்துச் சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"அப்படியெண்டா இண்டைக்கு கடைய மூடிடு."

நான் ஒருத்தன் உயிரோடு நிற்கிறேன்! கடையை மூடச் சொல்கிறார்! கோலை வெட்டினேன். மூடவில்லை. ஷட்டரை முழுசாகத் தூக்கினேன்.

பத்து மணி வாக்கில் செல்லச்சாமி வந்தார். மடுல்கெல்லயில் சின்னக் கடை வைத்திருக்கிறார், மாதம் ஒரு தரம் எங்களிடம் எடுப்பார். "அடடே, சின்ன மொதலாளி! எங்க ஆளையே காணோம்? மேல போயிட்டீங்கன்னாங்க, எனக்குப் பகீர்ன்னு ஆயிருச்சு" என்றார். அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது.

தண்ணீர்க் குழாய் கேட்டார். சுருளைக் காலுக்குக் கீழ் அழுத்திப் பிடித்து, பொக்கட்டிலிருந்து சாமானை எடுத்து, டக், ஒரே வெட்டு. முனையில் கிளிப்பை மாட்டிப் பிளையரால் இறுக்கிக் காட்டினேன். அவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். "என்னங்க இது, ஒத்தக் கையில இத்தனை வேலை? குடுங்க பாப்போம்."

கத்தியோடு நீட்டினேன். இடக்கையால்தான். அவர் கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

அவ்வளவுதான். எட்டு மாத அடைப்பு உடைந்தது. "ஒங்களுக்கும் அருவருப்பா? நீங்களுமா? எனக்கு ஈக்கிறது இந்த ஒரு கை! வேணுமெண்டா வாங்குங்க, வேணாட்டிப் போங்க! இந்தக் கைய வெட்டிப் போட்டுட்டு வரட்டா?" வெளியே போன சனங்கள் நின்று பார்த்தார்கள்.

செல்லச்சாமி பயந்தே போனார். "ஐயோ, கையில்லீங்க! கையில்ல! கத்தி! கத்திய யாரும் கைக்குக் கை வாங்குவாங்களா? சண்டை வந்துரும்பாங்க. கீழ வைங்க, நான் எடுத்துக்குறேன்."

சண்டை வந்துவிட்டதே, மனுசா.

மடித்துக் கவுண்டரில் வைத்தேன். அவர் எடுத்தார். வலக்கையால் திறக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார். திருப்பிக் கவுண்டரில் வைத்தார். நான் எடுத்தேன். யார் எந்தக் கையால் கொடுத்தோம்? யாரும் கொடுக்கவில்லை. யாருக்கும் குறையும் இல்லை. வாப்பா காலத்திலிருந்து இந்தக் கவுண்டரில் எத்தனை கத்தி, எத்தனை தேயிலைக் கவ்வாத்துக் கத்தி விற்றிருக்கிறோம்? ஒன்றைக்கூடக் கைக்குக் கை கொடுத்ததில்லை. வைத்தோம், எடுத்தார்கள். இது என் மண்டைக்கு ஏன் உறைக்கவில்லை?

அவருடைய மிச்சக் காசை, கழன்ற நட்டுகள் போடுகிற தகரத் தட்டைக் கவிழ்த்துத் துடைத்து, அதில் வைத்தேன். எடுத்துக்கொண்டு போனார். மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மொதலாளி, நோன்பு வெறும் வயிறு" என்றார்.

மாலை வரைக்கும் எல்லாருக்கும் தட்டில்தான். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

மார்ச் 19

நானா தட்டைப் பார்த்தார். "இது என்ன பிச்சத் தட்டு?"

"மிச்சக் காசுத் தட்டு."

"எங்கட கடைக்கு ஒரு மரியாத ஈக்கி, அரூஸ். மேல போ."

"போக மாட்டன்."

"ஒனக்கு நல்லதுக்குத்தானே சொல்றன்."

"எனக்கு நல்லதெண்டு சொல்லித்தான் என்ன மாடியில கட்டிப் போட்டீங்க. வாப்பா கடைய ரெண்டு பேருக்கும் தந்தார். ஒங்கட வலக்கைக்கு மட்டும் தரல்ல!"

காய்ச்சலோடு போர்த்திக்கொண்டு வந்து நின்ற பஹீம், சத்தமில்லாமல் மாடிக்கு ஏறிப் போனான். நானாவின் முகம் சிவந்தது. அடிப்பார் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுத அதே முகம். அதை நினைத்தால் கோபம் குறையும். நினைக்க மாட்டேன்.

மாடிக்குப் போகவில்லை. லாச்சிக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

மார்ச் 24

பேச்சு இல்லை. நானாவின் வேனில் போவதில்லை, மாத்தளை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறேன். ஒற்றைக் கையால் பஸ்ஸில் தொங்குவது வேறு கதை. கடையில் அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. அவர் கையில் கொடுக்கிறார், நான் தட்டில் வைக்கிறேன்.

மார்ச் 31

பெருநாள். நானா வீட்டுக்கு வந்து கட்டிப் பிடித்தார். நான் இடக்கையால் கட்டிப் பிடித்தேன். கடைப் பேச்சு எடுக்கவில்லை. வட்டிலப்பம் இரண்டு தரம் கேட்டுத் தின்றார். போன பிறகு ரிப்கா, "மனுசன் கண் கலங்கிட்டார்" என்றாள். கலங்கட்டும்.

ஏப்ரல் 8

புத்தாண்டுச் சனம். பெயின்ட் வாளிக்கும் தூரிகைக்கும் வரிசை. நானாவுக்கு ஒரு நைலோன் கட்டை அவிழ்க்க வேண்டியிருந்தது, கட்டர் எங்கோ போய்விட்டது. என் பக்கம் பார்க்காமலே, "ஒண்ட அத்த தா" என்றார்.

சாமானை மடித்தபடியே தட்டில் வைத்தேன்.

எடுத்தார். வலக்கையில் பிடித்துத் திறக்கப் பார்த்தார். இடக்கை பெயின்ட் வாளியைப் பிடித்திருந்தது. கட்டை விரலுக்கு ஓட்டை எட்டவில்லை. திருப்பினார், புரட்டினார், பல்லுக்குக் கிட்டக் கொண்டு போனார். பல்லுக்கு! பிறகு என்னைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்து, இரண்டு கையாலும் திறந்து, கட்டை வெட்டிவிட்டு, மடித்து என்னிடம் நீட்டியவர், என்ன நினைத்தாரோ, கையை இழுத்துக்கொண்டு தட்டில் வைத்தார்.

அடுத்து நின்றது ஒரு பெரிய மனிதர், வெள்ளை உடுப்பு. நானா மிச்சக் காசை எண்ணினார். வலக்கையால்தான் எண்ணினார். தட்டில் வைத்தார். அதற்கு அடுத்தவருக்கும் தட்டில்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. இதுக்கா இத்தனை நாள், நானா?

வரிசை காத்து நின்றது. நான் அடுத்த ஆளுக்கு மிச்சம் எண்ணினேன்.