வரி அலுவலகம் கேட்கும் விலாசம்

என் மகளுக்கு,

போன வாரம் ஆடிட்டர் அறையில் இருந்தவர்கள்: ஆடிட்டர், உன் அண்ணன், அவன் பெண்டாட்டி, உன் தம்பி, நான்.

உன் அப்பா சாகும்முன் வீட்டை உங்கள் மூவருக்குமாக டிரஸ்டில் வைத்தார் அல்லவா? உன் அண்ணனும் நானும்தான் டிரஸ்டிகள். அதை நாங்கள் வரி அலுவலகத்தில் பதிய வேண்டுமாம். பலன் பெறுகிற ஒவ்வொருவரின் பெயர், பிறந்த தேதி, விலாசம் எல்லாம் கேட்கிறார்கள். "எங்க வீட்டு விஷயம் அவங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டேன்.

"யாரையும் மறைச்சு வைக்கக் கூடாதுன்னுதாம்மா இந்தச் சட்டம்," என்றார் ஆடிட்டர். எனக்கு அந்தச் சட்டம் பிடித்துப்போயிற்று.

"ஓடிப்போனவள எதுக்கு சார் சேர்க்கணும்? விட்டுடுங்க, யாருக்குத் தெரியப்போகுது?" என்றான் உன் அண்ணன்.

"எனக்குத் தெரியும்டா. அவ பேரு இல்லாம நான் கையெழுத்துப் போடமாட்டேன்," என்றேன். அவன் பெண்டாட்டி மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள்.

உன் பிறந்த தேதியை நானே சொன்னேன், கேட்காத நேரத்தையும் சேர்த்து. விலாசம்தான் தெரியவில்லை. அதனால் நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு இதை அனுப்புகிறேன். உடனே எழுது. மாடி வீடா, கீழ் வீடா? ஜன்னலில் வெயில் வருமா? குழந்தை பிறந்திருக்கிறதாமே, யார் ஜாடை? இதெல்லாம் வரி அலுவலகம் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.

உன் அண்ணன் கத்துகிற ஜென்மம், போகட்டும். ஆனால் நீ இடுப்பில் தூக்கி வளர்த்தவன், உன் சம்பளத்தில் படித்தவன், அவ்வளவு பேச்சுக்கும் வாய் திறக்காமல் ஃபோனைத் தடவிக்கொண்டிருந்தான். மன்னிக்கவே மாட்டேன், உன் தம்பியை.

உன் அம்மா