நீலப் பம்ப்பின் எண்

ஜனவரி 6, திங்கள்

பிப்ரவரி ஒன்றாம் தேதி டெஸ்ட். காலையில் தீ பாதுகாப்பு பற்றி எழுத்துப் பரீட்சை, பிறகு அடுகோடி மைதானத்தில் ஓட்டம். இரண்டிலும் தேறினால் செக்யூரிட்டி சூபர்வைசர். இல்லையென்றால் டெக் பார்க் கேட்டில் நின்று வருகிறவர்களின் கைப்பையைத் திறந்து பார்த்துக்கொண்டே கிழவியாக வேண்டியதுதான்.

ஜிம் ட்ரெய்னர் ரயான் ஒரு டப்பா கேப்ஸ்யூல் கொடுத்தான். மூளைக்காம். படித்தது மறக்காதாம், ஓடத் தெம்பும் வருமாம். எனக்கு ஆஸ்துமா, மூச்சுத் திணறினால் மருந்துப் பம்ப் இழுக்கிறவள் என்றேன். "அது பாதி மனசுலதான் அக்கா. இதைப் போட்டு தினமும் ஓடுங்க, பம்ப்பே தேவைப்படாது" என்றான்.

ஜனவரி 9, வியாழன்

அம்மா என் பையில் பம்ப்பைப் பார்த்துவிட்டு ஆரம்பித்துவிட்டாள். கோலார் தங்கவயலில் எங்கள் சுரங்கக் குடியிருப்பு லைனில் ஒரு வீட்டுக்குப் பம்ப் வந்தால் அடுத்து சவப்பெட்டிதான் வரும். அப்பாவுக்கும் அப்படித்தான். சுரங்கத் தூசி நுரையீரலைத் தின்று தீர்த்த பிறகு பம்ப் கொடுத்தார்கள். மூன்று மாதம்தான் இருந்தார். "அதை வாயில வைக்காதடி. உங்கப்பாவ முடிச்சதே அதுதான்" என்கிறாள். முடித்தது தூசி. எத்தனை தடவை சொல்வது?

சொல்லிச் சொல்லி எனக்குள்ளும் ஏறிவிட்டது. டாக்டர் தினமும் இரண்டு வேளை இழுக்கச் சொன்ன இன்னொரு பம்ப்பை ஒரு வாரமாகத் தொடவில்லை. திணறினால் மட்டும் நீலப் பம்ப்.

ஜனவரி 13, திங்கள்

நாற்பது பக்கம் படித்தேன், எல்லாம் நினைவிருக்கிறது. தூக்கம்தான் இல்லை. கை நடுங்குகிறது.

எங்கள் பொம்மனஹள்ளி முழுக்க டேங்கர் தண்ணீருக்குக் காத்துக் கிடக்கிறது. அம்மா பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுப் பத்து நிமிஷம் உள்ளேயே இருக்கிறாள். கதவைத் தட்டிக் கத்தினேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

ஜனவரி 17, வெள்ளி

நீலப் பம்ப்பின் பின்னால் மிச்சம் எத்தனை என்று எண் தெரியும். திங்களன்று 148. நான் இழுத்தது ஆறு. இன்று 131. எப்படி?

மெடிக்கல் ஷாப்பில் போய்ச் சண்டை போட்டேன். நானே இழுத்துவிட்டு மறந்திருப்பேன் என்கிறான் கடைக்காரன். ஞாபகத்துக்கு மாத்திரை முழுங்குகிறவளிடம்! வீட்டுக்கு வந்து, ஒருவேளை மறந்துதான் போனேனோ என்று இன்னொரு கேப்ஸ்யூல் போட்டேன். அறிவுகெட்டவள்.

ஜனவரி 20, திங்கள்

செத்துப் பிழைத்தேன்.

இரண்டு கேப்ஸ்யூல் போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் ஓடினேன். குளிர்காற்று. மூன்றாவது சுற்றில் நெஞ்சு பூட்டிக்கொண்டது. பம்ப்பை ஆறு தடவை இழுத்தேன். மூச்சு வருவதற்குள் இதயம் தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஓர் ஆட்டோக்காரர்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

டாக்டர் நிருபமா டப்பாவின் லேபிளைப் படித்தார். ஒரு கேப்ஸ்யூலில் மூன்று ஸ்ட்ராங் காபி அளவுக்கு காஃபீனாம். நீலப் பம்ப்பும் படபடப்பைக் கூட்டும், இதுவும் கூட்டும். அதற்கு மேல், தினசரி மருந்தை நிறுத்தியதால் மூச்சுக்குழாய் வீங்கியிருக்கிறது.

"ஓடாதீங்கன்னு நான் சொல்லலையே. தினமும் போட வேண்டியதைப் போட்டுட்டு ஓடுங்க பிரிசில்லா. முதல்ல பத்து நிமிஷம் நடங்க. ஓடறதுக்குக் கால்மணி நேரம் முன்னாடி நீலப் பம்ப்."

இவ்வளவுதானா? இதற்கா நான் சாகப் பார்த்தேன்?

ஜனவரி 22, புதன்

டப்பாவை ரயான் மேஜையில் வீசினேன். எல்லோரும் சாப்பிடுகிறார்களாம், எனக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லையாம். ஒத்துக்கலையா? ரோட்டுல மூச்சு நின்னு உக்காந்தது நான்டா, நீ இல்ல. ஜிம்மே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

ஜனவரி 28, செவ்வாய்

இப்போது ஒவ்வொரு தடவையும் காலண்டரில் குறிக்கிறேன். இருந்தும் ஒன்பது குறைகிறது. என் ஞாபகத்தில் ஒரு கோளாறும் இல்லை.

பிப்ரவரி 1, சனி

காலை ஏழு மணி. பையில் பம்ப் இல்லை. அம்மா தூக்கிப் போட்டுவிட்டாள் என்றே முடிவு கட்டினேன். பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். புருஷனை அனுப்பினது போதாதா, என்னையும் அனுப்பணுமா என்று கேட்டேன். ஆமாம், கேட்டேன்.

பாத்ரூமில் குழாய் நின்றது. கதவு திறந்தது. அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றாள். கையில் என் நீலப் பம்ப்.

"நாலு வருஷமா மூச்சு வாங்குது, மாடி ஏற முடியலடி. எனக்கும் பம்ப்புன்னு தெரிஞ்சா நீ என் சாவுக்கு நாள் எண்ண ஆரம்பிச்சிடுவேன்னு..."

நான் எண்ணிக்கொண்டிருந்தது இதைத்தானா? கோபத்தில் அழுகை வந்தது. பம்ப்பை வாங்கித் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

எழுத்துப் பரீட்சையை முடித்துவிட்டு, மைதானத்தில் எல்லோர் முன்னாலும் பம்ப்பை இழுத்தேன். இரண்டு பேர் சிரித்தார்கள். நடந்துவிட்டு ஓடினேன். கடைசியிலிருந்து இரண்டாவதாக வந்தேன், நேரத்துக்குள்.

பிப்ரவரி 6, வியாழன்

லிஸ்டில் என் பெயர் இருக்கிறது.

அம்மாவை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஒரே பம்ப்பை இரண்டு பேர் வாயில் வைத்ததற்கு இருவருக்கும் திட்டு. அவளுக்கும் தனியாகப் பம்ப் எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் வழியெல்லாம் நானும் திட்டினேன். நாலு வருஷம்! கோபம் இன்னும் போகவில்லை.

பிப்ரவரி 8, சனி

காலையில் அம்மா சமையலறையில் நின்று தன் பம்ப்பை இழுத்தாள். நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். சத்தத்தை மறைக்க அவள் குழாயைத் திறக்கவில்லை.